மார்க்கம் வீதியிலிருந்து கிங்ஸ்ரன் வீதி வரை: ஒரு மிருக வைத்தியரைத் தேடி

ஸ்காபரோவில் நாங்கள் வீடு தேடி அலைந்திருக்கிறோம். வேலை தேடி அலைந்திருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அம்மாவுக்குத் தமிழ் பேசும் குடும்ப வைத்தியர், நல்ல முருங்கைக்காய் வரும் கடை என்று தேடாதது ஒன்றுமில்லை. ஆனால் இன்னும் வீட்டுக்கே வராத ஒரு நாய்க்காக மூன்று சனிக்கிழமைகள் பஸ் ஏறி இறங்கினோம் என்று சொன்னால் உறவினர்கள் சிரிக்கிறார்கள். "நாய் எங்கே?" "இன்னும் வரவில்லை." "வராத நாய்க்கு என்னத்துக்கு டொக்டர்?" அவர்களுக்குச் சொன்ன காரணத்தையே இங்கும் முதலில் சொல்லிவிடுகிறோம்.

முந்திய பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருந்தது. மேல்மாடியில் இருந்த குடும்பம் கல்கரிக்கு மாறும்போது எங்களிடம் விட்டுச் சென்றது. சின்னவன் அதற்குச் சிம்பா என்று பெயர் வைத்தான். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. "சின்னப்பா" என்றே கூப்பிட்டார். பூனையும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தது.

அம்மா பூனையோடு அவ்வளவு ஒட்டிக்கொள்வார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டு நாய் ஜிம்மி படலையடி வரை வந்து நின்றது. நாவற்குழிப் பாலத்தில் மனிதருக்கே கால்வைக்க இடமில்லை. நாயை எங்கே கொண்டுபோவது? அதன்பின் அம்மா எந்தப் பிராணியையும் வீட்டுக்குள் எடுத்ததில்லை. சின்னப்பாவுக்குத்தான் அந்த விரதம் உடைந்தது.

ஒரு நாள் பூனை முன்னங்காலை நொண்டிக்கொண்டு வந்தது. "நோகுது போல கிடக்கு, பாவம்" என்று அம்மா ஒரு பனடோல் குளிசையில் பாதியைப் பொடியாக்கி, ரின்மீனோடு பிசைந்து கொடுத்தார். இரவு எட்டு மணி இருக்கும். பதினொரு மணிக்குப் பூனையின் முகம் வீங்கியது. முரசு மண்ணிறமாகியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

பனடோல், இங்கே ரைலனோல் என்று விற்கப்படுவது, பூனைக்கு நஞ்சு. மனித ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலுக்குச் சரிவரக் கிடையாது. பூனையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் தன்மையை இழக்கிறது. ஒரேயொரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நேரத்தோடு கொண்டுபோனால் மாற்று மருந்து உண்டு. இவையெல்லாம் பின்னர் அறிந்தவை. இதை எழுதவேண்டும் என்று சொன்னவரே அம்மாதான். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இப்போது அவரே சொல்கிறார்.

அன்றிரவு எங்களுக்கு ஒரு மிருக வைத்தியரின் பெயரும் தெரியாது. ஐந்து இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தோம். நான்கில் எவரும் எடுக்கவில்லை. ஐந்தாவதில் பதிவு செய்த குரல் அவசர இலக்கம் ஒன்றைச் சொன்னது. அது சொன்ன வேகத்தில் மூத்தவள் மூன்று முறை திரும்ப எடுத்துத்தான் முழு இலக்கத்தையும் எழுதினாள். ரக்சி பிடித்து இருபத்துநான்கு மணிநேர வைத்தியசாலை ஒன்றுக்குப் போய்ச் சேரும்போது ஒரு மணி. நாங்கள் இருவரும், பதினொரு வயது மூத்தவளும். அவள்தான் எங்கள் மொழிபெயர்ப்பாளர். வங்கியிலும் அவள்தான், வீட்டுக்காரரோடும் அவள்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

வைத்தியர் ஒரு செலவு மதிப்பீட்டைத் தந்தார். நாலாயிரம் டொலருக்கு மேல். அதோடு, பிழைப்பதற்கு வாய்ப்புக் குறைவு என்றார். பிறகு "புட் ஹிம் ரு சிலீப்" என்று ஏதோ மெதுவாகச் சொன்னார். மூத்தவள் எங்களைப் பார்த்து, "நித்திரையாக்கலாமாம் அப்பா. பிறகு நோ இருக்காதாம்" என்றாள்.

நாங்கள் மயக்க மருந்து என்று நினைத்தோம். இரவு நித்திரை கொண்டால் காலையில் பார்க்கலாம், அதற்குள் காசுக்கும் ஒரு வழி செய்யலாம் என்று நினைத்தோம். "ஓம், நித்திரை கொள்ளட்டும்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தோம். கூட நிற்க விருப்பமா என்று கேட்டார்களாம். வேண்டாம், பூனை பயப்படும் என்றோம். சிறிது நேரத்தின் பின் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்கள். மூத்தவள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

அந்த வைத்தியர் பிழை செய்தார் என்று நாங்கள் எழுதவில்லை. பூனை பிழைத்திராது என்றே பின்னர் கேட்டவர்களும் சொன்னார்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பூனையின் சாவுக்குச் சம்மதம் சொன்னது, சொல்கிறோம் என்று தெரியாமலே, ஒரு குழந்தையின் வாயால். இரண்டு கிழமை அவள் எவருக்கும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாலும் அறைக்குள் போய்விடுவாள்.

ஒன்றரை வருடம் கழித்து, அவளே நாய் வேண்டும் என்று கேட்டபோது நாங்கள் சொன்ன பதில்: முதலில் வைத்தியர், பிறகு நாய்.

முதற் சனிக்கிழமை மார்க்கம் வீதி. எங்களவருக்கு இந்த வீதியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. சீடர்பிறே சந்தியில் இறங்கி வடக்கே நடந்தால் நகைக்கடை, புடைவைக்கடை, வரிக்கணக்குச் செய்பவர், சாப்பாட்டுக்கடை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிளாசாக்கள். கொத்துரொட்டி அடிக்கும் ஓசை கேட்கிற தூரத்தில், இரண்டு கடைகளுக்கு நடுவே ஒடுங்கலாக ஒரு மிருக வைத்தியசாலை இருந்தது. இத்தனை நாளும் அதன் வாசலால் மரக்கறிப் பைகளோடு போய்வந்திருக்கிறோம், கண்ணில் பட்டதில்லை.

உள்ளே தரையோடு பதித்த பெரிய தராசு, சுவரில் பற்களின் படம், மூலையில் ஒரு பூனைக்கூடு. நாய் இல்லாமல் நாய் வைத்தியசாலைக்குப் போவது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. "நாய் எடுக்க இருக்கிறோம், அதற்கு முதல் இடத்தைப் பார்க்க வந்தோம்" என்று சொன்னதும் வரவேற்பறையில் இருந்த பெண் ஆச்சரியப்படவில்லை. அப்படிப் பலர் வருவார்களாம். இதை முக்கியமாக எழுதுகிறோம்: பிராணி இல்லாமல் போய்ப் பார்ப்பதில் எந்தப் பிழையும் இல்லை. குடிவரவு நிலை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், அவ்வளவுதான்.

அங்கே எங்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருந்தது. உள்ளேயிருந்து நாயொன்றைப் பிடித்துக்கொண்டு வந்த உதவியாளர் தமிழில், "நீங்கள் எந்த ஊர்?" என்றார். பேராதனையில் மிருக வைத்தியம் படித்து ஊரில் அரசாங்க வைத்தியராக இருந்தவராம். மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு, ஆடுகளுக்குப் பேறு பார்த்த கை. பேராதனைப் பட்டம் இங்கே நேரடியாகச் செல்லாது. கனேடியத் தேசியப் பரீட்சைச் சபையின் எழுத்துப் பரீட்சைகளும் செய்முறைப் பரீட்சையும் முடித்தால்தான் வைத்தியராகப் பதியலாம். அதுவரை மற்ற வைத்தியருக்கு நாயைப் பிடித்துக் கொடுக்கிறார். எங்களவர் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அங்கேயே பதிந்துவிட்டு வந்திருப்போம். ஆனால் மூத்தவள் தன் பள்ளிக்கூடக் கொப்பியில் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரவில் நோய் வந்தால் யாரைக் கூப்பிடுவது? "எமேர்ஜென்சிக்குப் போங்கோ." எந்த எமேர்ஜென்சி? "கூகிளில் பாருங்கோ." சத்திரசிகிச்சைக்கு முன் செலவை எழுதித் தருவீர்களா? "அது அப்போது பார்க்கலாம்." எந்த வைத்தியர் பார்ப்பார்? அது கிழமைக்குக் கிழமை மாறுமாம்.

உதவியாளர் எங்களோடு வாசல் வரை வந்தார். "நான் இருக்கிறன் எண்டு இங்கே வராதேங்கோ," என்றார் மெதுவாக. "பரீட்சை பாஸ் பண்ணினால் நான் போயிடுவன். நான் இல்லாத நாளிலும் உங்களுக்கு விளங்கப்படுத்துற இடமாய்ப் பாருங்கோ." அவர் சீக்கிரம் சித்தியடைந்து போய்விடவேண்டும் என்றே நாங்களும் விரும்புகிறோம். அந்த மனுஷி தந்த இன்னொரு தகவலும் பெறுமதியானது. ஒன்ராறியோவில் ஒவ்வொரு மிருக வைத்தியரும், ஒவ்வொரு வைத்தியசாலையும் மாகாணத்தின் மிருக வைத்தியர் கல்லூரியில் பதிவுபெற்றிருக்கவேண்டும். கல்லூரி என்றால் படிப்பிக்கும் இடமல்ல. தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை. வைத்தியரின் பெயரைச் சொன்னால் அவர் பதிவிலுள்ளவரா, அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா என்று எவரும் பார்க்கலாம். முறைப்பாடும் செய்யலாம். ஆனால் கட்டிய காசை மீட்டுத் தரும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

இரண்டாம் சனிக்கிழமை ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே. கண்ணாடிக் கட்டடம், கோப்பி இயந்திரம், மாதாமாதம் பணம் கட்டும் திட்டங்களின் பளபளப்பான தாள்கள். வைத்தியரை ஐந்து நிமிடம் சந்திக்கலாமா என்று கேட்டதற்கு, பரிசோதனைக் கட்டணம் கட்டி நேரம் எடுக்கவேண்டும் என்றார்கள். பிராணி இல்லாமல் யாரைப் பரிசோதிப்பார்கள் என்று சின்னவன் கேட்டான். பெயர்ப்பலகையில் ஒரு வைத்தியரின் பெயர் இருந்தாலும் இப்போது உரிமை ஒரு பெரிய கம்பனியிடமாம். அப்படிக் கைமாறிய வைத்தியசாலைகள் கனடாவில் நிறைய. அதனால் மட்டும் ஓர் இடம் கூடாது என்று சொல்லமுடியாது, நல்ல உபகரணங்கள் அங்கேதான் இருந்தன. பஸ் மூன்று மாறவேண்டும் என்பதே எங்களுக்குப் போதுமான காரணமாயிற்று.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் கார் உள்ளவர்கள் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ரொறன்ரோ பஸ்களிலும் சுரங்க ரயிலிலும் நாய் பூனைகளைக் கயிற்றிலோ கூட்டிலோ கொண்டுபோகலாம். ஆனால் கிழமை நாட்களில் காலை 6.30 முதல் 10 மணி வரையும், பின்னேரம் 3.30 முதல் 7 மணி வரையும் ஏற்றமாட்டார்கள். வேலை முடிந்து வந்து ஐந்து மணிக்கு நேரம் எடுத்தால் நாயோடு தரிப்பில் நிற்கவேண்டியதுதான். ஆகவே கார் இல்லாத குடும்பத்துக்கு நல்ல வைத்தியசாலை என்பது சனிக்கிழமை திறந்திருப்பது, அல்லது நடந்துபோகும் தூரத்தில் இருப்பது.

மூன்றாம் சனிக்கிழமை கிங்ஸ்ரன் வீதி. இந்தப் பக்கம் எங்களவர் அவ்வளவாக வருவதில்லை. ஸ்காபரோவின் கிழக்கு முனை, வெஸ்ற் ஹில் தாண்டிப் போகப் போக மரங்கள் கூடுகின்றன. ஹைலண்ட் கிறீக் பள்ளத்தை வீதி தாண்டும்போது கீழே ஆறு தெரிகிறது. இன்னும் கிழக்கே றூஜ் ஆறும், அதைச் சுற்றி 2015 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பெருங்காடும். அம்மா யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டே வந்து, "வன்னிப் பக்கம் போல கிடக்கு" என்றார். நவம்பர் மாத மொட்டை மேப்பிள் மரங்களில் அவர் எந்த வன்னியைக் கண்டாரோ தெரியாது; நாங்கள் மறுக்கவில்லை.

வைத்தியசாலை, வீடாக இருந்து மாற்றப்பட்ட ஒரு பழைய கட்டடம். விறாந்தை மாதிரி ஒரு முன்பகுதி, வாசலில் நாய்களுக்குத் தண்ணீர்ச் சட்டி. உள்ளே வாசம் சுத்தமாக இருந்தது. டெற்றோல் மணம் தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்பது அம்மாவின் கட்சி. நாய்களுக்கு ஒரு பக்கம், பூனைகளுக்கு ஒரு பக்கம் என்று இருக்கைகளைப் பிரித்திருந்தார்கள். சிறிய விடயம்தான், ஆனால் கூட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பூனையைச் சுமந்தவர்களுக்கு அது கண்ணில் படும்.

வைத்தியர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண்மணி. சுவரில் குவெல்ஃப் நகரின் ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரிப் பட்டம் தொங்கியது. 1862 இல் ரொறன்ரோவில் அன்ட்றூ ஸ்மித் என்பவர் தொடங்கி, 1922 இல் குவெல்ஃபுக்கு மாறிய கல்லூரி அது. தொடக்கத்தில் குதிரை வைத்தியமே பெரும்பகுதி. அதற்கு அருகில் பதிவுச் சான்றிதழ். இரண்டு நோயாளிகளுக்கிடையில் பத்து நிமிடம் தருவதாகச் சொல்லி அரை மணித்தியாலம் இருந்தார். காசு கேட்கவில்லை.

மூத்தவள் வழமைபோல் எங்களுக்கு முன்னால் நின்று பேசத் தொடங்கினாள். வைத்தியர் அவளை மறித்து, எங்களைப் பார்த்து, மெதுவாக, சின்னச் சின்ன வசனங்களாகக் கேட்டார்: உங்களுக்கு எந்த மொழி வசதி? தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தரலாம். சாதாரண விடயங்களை மகள் சொல்லட்டும். கெட்ட செய்தியை அவள் சொல்லவேண்டாம்.

நாங்கள் பூனையின் கதையை அதுவரை எந்த வைத்தியருக்கும் சொல்லவில்லை. அங்கே சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, அந்த ஆங்கிலத் தொடரைத் தாமும் பழக்கதோஷத்தில் சொல்வதுண்டு என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, "இறப்பு" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிதாக எழுதி, "இங்கே இந்தச் சொல்லைத்தான் உங்களுக்குச் சொல்லுவேன். விளங்காவிட்டால் கையெழுத்து வைக்கவேண்டாம்" என்றார். மூத்தவள் கொப்பியை மூடி வைத்தாள்.

மற்றக் கேள்விகளை நாங்களே கேட்டோம். எங்கள் ஆங்கிலம் அரை மணித்தியாலம் தாக்குப்பிடித்தது எங்களுக்கே ஆச்சரியம்.

இரவு நேரத்துக்கு எந்த அவசர வைத்தியசாலை என்று ஓர் அட்டையில் அச்சடித்தே வைத்திருந்தார்கள். தாங்கள் பூட்டியிருக்கும் நேரத்தில் நோயாளிகள் எங்கே போவது என்ற ஏற்பாட்டைச் சொல்லவேண்டியது வைத்தியரின் கடமையே தவிரத் தயவு அல்ல என்றார். சத்திரசிகிச்சைக்கு முன் மதிப்பீடு எழுத்தில் வரும். கூடுமானால் குறைந்த தொகை, கூடிய தொகை என்று இரண்டாக. அதன்மேல் 13 வீத விற்பனை வரியும் உண்டு, மறந்துவிடாதீர்கள் என்றார். மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் மனிதருக்கு மட்டும்; பிராணிக்கு ஒரு சதமும் வராது. பிராணிகளுக்கான தனியார் காப்புறுதிகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் முதலில் நாங்கள் முழுக் காசையும் கட்டிப் பின்னர்தான் மீளப்பெறவேண்டும், காப்புறுதி எடுப்பதற்கு முன்பிருந்த நோய்க்கு அது செல்லாது. எடுப்பதானால் குட்டியாக இருக்கும்போதே எடுங்கள், இல்லாவிட்டால் மாதம் ஒரு தொகையை வேறாகப் போடுங்கள் என்றார். நாங்கள் இரண்டாவதைச் செய்கிறோம். ஊர்ச் சீட்டுப் பிடிப்பது மாதிரி, ஆனால் ஏமாற்ற ஆளில்லை.

காசில்லாவிட்டால்? இதைக் கேட்கத்தான் எங்களுக்கு நாக்கு எழவில்லை. அவராகவே சொன்னார். செலவைச் சொன்னவுடன் தலையாட்டிவிட்டு, பிறகு திரும்பி வராமல் போகும் குடும்பங்கள்தான் தமக்குக் கவலை. இவ்வளவுதான் எங்களால் முடியும் என்று சொன்னால் அந்த அளவுக்குள் செய்யக்கூடியதைத் தேடலாம் என்றார். ஒன்ராறியோ மிருக வைத்தியர் சங்கம் 2001 இல் ஆரம்பித்த ஃபார்லி நிதியம் என்று ஒன்று உண்டு. அரச உதவிப்பணத்தில் வாழ்வோர், குறைந்த வருமானமுள்ள முதியோர் போன்றவர்களின் பிராணிகளுக்கு அவசியமான வைத்தியம் தேவைப்படும்போது உதவுகிறது. நாங்கள் நேரே கேட்கமுடியாது, வைத்தியர் மூலமே விண்ணப்பிக்கவேண்டும். ஃபார்லி என்பது லின் ஜோன்ஸ்ரன் என்ற கனேடியச் சித்திரக்காரரின் பத்திரிகைப் படக்கதையில் வந்த நாய். 1995 இல், கதையில், ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றிவிட்டு அது இறந்தபோது வாசகர்கள் அழுது கடிதம் எழுதினார்களாம். அதே வருடம் படலையடியில் நின்ற ஜிம்மியை அம்மா நினைத்திருக்கவேண்டும். ஒன்றும் பேசவில்லை.

மருந்தைப் பற்றியும் கேட்டோம். மருந்துச்சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே மலிவான இடத்தில் எடுக்கலாம், வைத்தியர் கோபிக்கமாட்டார். பிராணியின் மருத்துவக் குறிப்புகளின் பிரதியையும் கேட்டு வாங்கலாம்.

பின்னறையையும் காட்டினார். மயக்க மருந்து கொடுத்தபின் இதயத் துடிப்பைப் பார்க்கும் கருவி, சத்திரசிகிச்சை முடிந்த நாய்கள் கிடக்கும் கூடுகள், ஒவ்வொன்றிலும் கொழுவிய குறிப்புத்தாள். ஒரு கிழட்டு நாய் எங்களைக் கண்டு வாலை ஆட்டியது. காட்டமாட்டோம் என்று சொல்லும் இடங்களும் உண்டு; நேரமில்லை என்றால் இன்னொரு நாள் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

புறப்படும்போது அவர் எங்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். வீட்டில் பகலில் யார் இருப்பார்? "அம்மா." அப்படியானால் அம்மாவுக்குத்தான் பாடம் என்று கதிரையை அவர் பக்கம் இழுத்தார். வெங்காயம், உள்ளி, முந்திரிகை வற்றல், சொக்கிளேற், சீனியில்லாச் சுவிங்கத்தில் இருக்கும் சைலிற்றோல், இவையெல்லாம் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். மனிதருக்கான நோ மருந்து எதுவும் கூடாது. நாய்க்கான சில தெள்ளு மருந்துகளைப் பூனையில் பூசினால் பூனை இறக்கும். பனிக்கால வீதி உப்பைக் காலிலிருந்து கழுவவேண்டும். கோடையில் நுளம்பால் பரவும் இதயப்புழுவுக்கு மாதக் குளிசை. றூஜ் பக்கம் நடக்கக் கொண்டுபோனால் உண்ணி பார்க்கவேண்டும். லைம் நோயைக் காவும் கறுப்புக்கால் உண்ணி அங்கே உண்டு, மனிதருக்கும் தொற்றும். வெங்காயமும் உள்ளியும் இல்லாத கறி எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டார். அதனால்தான் கறியே கொடுக்கவேண்டாம் என்கிறேன் என்றார் வைத்தியர்.

நாய் டிசம்பர் மாதம் வந்தது. ஊரிலிருந்து ஒரு குட்டியை எடுப்பிக்கலாமே என்று ஒரு மாமா சொன்னார். 2022 செப்ரெம்பர் 28 முதல், விசர்நாய்க்கடி அபாயம் கூடிய நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக்கோ நாய் கொண்டுவருவதைக் கனடா தடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. நாங்கள் நகரத்துப் புகலிடமொன்றிலிருந்து மூன்று வயதுப் பெட்டை ஒன்றை எடுத்தோம். கருத்தடையும் அங்கேயே செய்திருந்தார்கள். நண்பரிடமிருந்து குட்டி எடுப்பவர்கள் அந்தச் சத்திரசிகிச்சைக்கு றிவர் வீதியிலுள்ள ரொறன்ரோ ஹியூமேன் சொசைற்றியிடமும் விசாரித்துப் பார்க்கலாம். 1887 இல் தொடங்கிய பழைய சங்கம் அது, குறைந்த கட்டண சேவைகள் உண்டு, காத்திருக்கவும் வேண்டியிருக்கும்.

வாடகைக்கு இருப்போர் இதையும் அறிந்திருக்கவேண்டும். ஒப்பந்தத்தில் 'பிராணி கூடாது' என்று எழுதியிருந்தாலும் ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அந்த வரி செல்லாது. கொண்டோக்களின் விதிகள் வேறு. எங்கள் வீட்டுக்காரருக்கு மூத்தவளே போய் அதை எடுத்துச் சொன்னாள். பூனைக்குப் பின் அவள் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை.

முதற் தடவை வைத்தியரிடம் போனது விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்கு. மூன்று மாதம் தாண்டிய நாய்க்கும் பூனைக்கும் ஒன்ராறியோவில் இது சட்டம். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும்தான். நாய் யாரையாவது கடித்துவிட்டால் ஊசி போட்டிருந்தாலும் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பார்கள். ஊரில் விசர் நாய் என்றால் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தியவர்கள் நாங்கள். அந்த ஊசியின் அருமையை எங்களுக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். நகரசபையில் நாய்க்கும் பூனைக்கும் எடுக்கவேண்டிய உத்தரவுப் பத்திரம் வேறு. கருத்தடை செய்த பிராணிக்கு அதன் கட்டணம் குறைவு.

அன்றே நாயின் கழுத்துத் தோலின் கீழிருந்த சில்லை ஒரு கருவியால் வாசித்து எங்கள் பெயருக்கு மாற்றினார்கள். அரிசிமணி அளவானது, உள்ளே பதினைந்து இலக்கங்கள். தொலைந்துபோனால் எந்தப் புகலிடத்திலும் வாசித்து எங்களைக் கூப்பிடுவார்கள். அம்மா அந்த இலக்கத்தை எழுதித் தரும்படி கேட்டு, தன் கைப்பையில் கடவுச்சீட்டுப் பிரதியோடு வைத்திருக்கிறார். நாயின் பெயர் ஸ்ரெலா. அம்மா "செல்லம்" என்கிறார்.

பரிசோதனைக்கும் ஊசிக்குமாக வரியோடு இருநூறு டொலருக்குச் சற்றுக் குறைவு. முன்பே எழுதித் தந்த தொகைதான், ஒரு சதம் கூடவில்லை.

திரும்பும் வழியில் நாங்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. அட்டையில் இருந்த அவசர வைத்தியசாலைக்கு ஒருமுறை பஸ்ஸில் போய் வாசலைப் பார்த்து வந்தோம். பகலில் ஒரு மணியும் பத்து நிமிடமும். இரவில் ரக்சியில் இருபத்தைந்து நிமிடம் என்று பக்கத்து வீட்டுச் சாரதி அண்ணர் சொல்கிறார். இரண்டு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, வைத்தியரின் இலக்கம், அவசர இலக்கம், அண்ணரின் இலக்கம் மூன்றையும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். பனடோல் போத்தல் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. அதன்மேல் அம்மா தன் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறார்: "செல்லத்துக்கு இல்லை."